எட்டு லட்சம் வாங்கியவன்

மகளே,

என் போனை எடுப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு அழுவாய், அப்புறம் முழுக்கப் படித்தேன் என்று பொய் சொல்வாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் மற்ற அம்மாக்கள் எழுதும் கடிதத்தில் புத்திமதியும் ஆசீர்வாதமும் இருக்கும். புத்திமதி என்னிடம் ஏராளம் உண்டு, போகப்போக வரும். ஆசீர்வாதத்தை நீ கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போன அன்று, தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று ஒன்றுதான் கேட்டாய். "தினேஷோட அப்பாகிட்ட நீயே போய் உண்மையைச் சொல்லும்மா. சொல்லலைன்னா கல்யாணத்துக்கு வராத." கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாய். அதற்கான பதில்தான் இது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் வாயால் சொல்லும்போது நான் ராட்சசியாகவும் நீ தேவதையாகவும் வருகிறோம் என்று கேள்விப்பட்டேன். அதனால் என் வாயாலும் ஒரு முறை கேட்டுக்கொள். உன் அப்பா நம்மை விட்டுப் போன வருஷத்திலிருந்து, மல்லேஸ்வரத்தில் துணிக்கடை மாடியில் ஒற்றை அறை ஆபீசை வைத்துக்கொண்டு, எம்.பி.ஏ. கல்லூரிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ஏறி என்னிடம் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரு தாளை வைப்பேன். இடது பக்கம் கல்லூரியின் பெயர், நடுவில் செலவு, வலது பக்கம் படித்து முடித்தவர்கள் வாங்கும் சராசரிச் சம்பளம். நடுவில் இருப்பதைப் பார்த்து ஒரு முறை எச்சில் விழுங்குவார்கள். பிறகு வலது பக்கம் பார்ப்பார்கள், முகம் தெளிந்துவிடும். சேர்ந்த ஒவ்வொரு தலைக்கும் கல்லூரி எனக்குக் கமிஷன் கொடுக்கும். இந்த வேலைக்கு நீ வைத்த பெயர் பிள்ளை பிடிக்கிற வேலை. பிடித்த பிள்ளைகளில்தான் உன் பள்ளிக்கூடச் சம்பளம், உன் பரதநாட்டிய கிளாஸ், உன் பல்லுக்குக் கம்பி எல்லாம் வந்தது. பல் இப்போது வரிசையாக இருக்கிறது, கல்யாண போட்டோவில் நன்றாக விழும்.

மாதையனும் அப்படித்தான் வந்தார், பையன் தினேஷைக் கூட்டிக்கொண்டு. போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மனிதர். வெள்ளைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, இந்தக் கல்லூரியில் சராசரி எட்டு லட்சம் என்றேன். வருஷத்துக்கா என்று கேட்டார். வருஷத்துக்குத்தான் என்றேன். மாசம் எவ்வளவு ஆகும் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார், போட்டு முடித்ததும் பையனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எத்தனையோ அப்பாக்களிடம் பார்த்திருக்கிறேன். பிள்ளை அதற்குள்ளேயே சம்பாதித்துக் கொட்டிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பாதித் தோப்பை விற்றுப் பணம் கட்டினார். நான் கழுத்தைப் பிடித்து விற்கச் சொல்லவில்லை.

அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று நீ என்னைக் கேட்டாய், நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். இப்போது சொல்கிறேன். படித்து முடித்தும் வேலை கிடைக்காதவர்களைக் கல்லூரியில் கூப்பிட்டு, எங்களுக்கு வேலைக்கு ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் கைக்கு வரும். அதோடு அவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள். ஊருக்குத் திரும்பி அப்பாவின் அரிசி மண்டியில் உட்கார்ந்தவன் தொழிலதிபர் ஆகிவிடுவான், மண்டியின் வரவு முழுக்க அவன் சம்பளம். வீடு வீடாக ஏறி இன்சூரன்ஸ் விற்கிறவனுக்கு, மலையைப் புரட்டினால் கிடைக்கக்கூடிய இன்சென்டிவ் அத்தனையும் முதல் நாளே கிடைத்துவிட்டதாக எழுதுவார்கள். துபாயில் மாமா கடைக்குப் போன ஒருவன் உச்சியில் உட்கார்ந்து மற்ற எல்லோரையும் மேலே தூக்கிவிடுவான். இத்தனையையும் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வராவிட்டால் வரும்வரை கூட்டுவார்கள். நான் கூட்டவில்லை, அச்சடித்து வந்ததைப் படித்துக் காட்டினேன். எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும்.

தெரிந்ததால்தான் உன்னை அந்தத் தாளில் இருந்த எந்தக் கல்லூரியிலும் சேர்க்கவில்லை. உனக்கு எம்.பி.ஏ. சீட் பார்த்த வருஷம், சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் பிள்ளைகள் வாடகைக்குத் தங்கும் பி.ஜி. விடுதிகளுக்குப் போவேன். வீட்டுக்காரம்மாவிடம் கன்னடத்தில் ஊர்க்கதை பேசி, போன வருஷம் படித்து முடித்த பெண்கள் இப்போது எங்கே என்று கேட்பேன். இன்னும் இங்கேயேதான், அதே அறையில் நான்கு பேராக, என்றால் அந்தக் கல்லூரி அவ்வளவுதான். தனி அறைக்கு மாறிவிட்டார்கள் என்றால் பரவாயில்லை. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீடு பிடித்துப் போய்விட்டார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். எல்லாக் கல்லூரியையும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உன்னை அரசுப் பல்கலைக்கழகத்தில் போட்டேன். சுவரில் காரை உதிரும், கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. செலவு சொற்பம். அவர்கள் போட்டிருந்த சராசரிச் சம்பளமும் எட்டில் பாதிதான், ஏனென்றால் அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. உன் சிநேகிதிகள் கண்ணாடிக் கட்டடத்தில் ஏ.சி.யில் படிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏம்மா இந்த ஓட்டைக் காலேஜ் என்று நீ ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இன்றைக்கு அந்தச் சிநேகிதிகளின் அப்பாக்கள் கடனுக்குத் தவணை கட்டுகிறார்கள். நீ மாசம் பிறந்தால் கை நிறைய வாங்குகிறாய். அதற்கு ஒரு நாளாவது நன்றி சொன்னாயா? இல்லை. ஊர்ப் பிள்ளைகளை அங்கே தள்ளிவிட்டு என்னை மட்டும் இங்கே சேர்த்தாயே என்று கேட்டாய். உன்னைப் பெற்றது நான். ஊர்ப் பிள்ளைகளைப் பெற்றது வேறு யாரோ.

அப்படிப் பொத்திப் பொத்தி எடுத்து வைத்த பெண், நான் விற்ற கல்லூரியில் படித்த ஒருவனையே தேடிப் பிடித்து வந்து நிற்கிறாய். சந்தாபுராவில் சைட், அதாவது வீட்டு மனை, விற்கிறவன். உன் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தானாம், தமிழில் பேசினானாம், நீ இரக்கப்பட்டு எங்கே படித்தீர்கள் என்று கேட்டாயாம். மல்லேஸ்வரத்தில் ஒரு மேடம் சேர்த்துவிட்டார் என்று அவன் சொன்னபோதே நீ திரும்பி நடந்திருக்க வேண்டும். உனக்கு அவன் மேல் வந்தது காதல் இல்லை, என் பாவத்துக்கு நீ செய்ய நினைக்கும் பரிகாரம் என்று நான் சொன்னேன். "சும்னே பேசாதம்மா" என்றாய். சும்மா பேசவில்லை. இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பரிகாரம் செய்து முடித்தவர்கள் கோயிலை விட்டுக் கிளம்பி விடுவார்கள். நீ அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டும்.

அவனை நீ வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் உனக்கு மறக்காது. எனக்கும்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்திருந்தது. அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, எனக்கு அவனைத் தெரியவில்லை. நான் காபி கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் கேட்டேன். இன்சென்டிவ் சேர்த்தால் இவ்வளவு வரும் என்று ஆரம்பித்தான். அந்தப் பாடத்தை நடத்துகிறவளிடமே வந்து ஒப்பிக்கிறாயே என்று சிரித்துவிட்டு, சேர்க்காமல் சொல்லு என்றேன். சொன்னான். உன் சம்பளத்தில் பாதிகூட இல்லை. அப்போது நான் சொன்ன வார்த்தைக்காகத்தான் நீ இன்று வரை என்னை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "அந்தக் காலேஜ்ல படிச்சவனுக்கு என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. வித்ததே நான்தான். தெரிஞ்சுக்கிட்டே எப்படி என் பொண்ணைக் குடுப்பேன்?" அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வரேங்க மேடம் என்று சொல்லிப் போனான். அதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் நீ அவன் வீட்டுக்குப் போய் வந்தாய். வந்த மூன்றாம் நாள் என்னிடம் கொட்டித் தீர்த்தாய். சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மாதையன் மகனைக் காட்டி, எட்டு லட்சம் வாங்குகிற காலேஜில் படிக்க வைத்தேன், கூடப் படித்தவன் எல்லாம் வாங்குகிறான், இவன் ரோட்டில் நின்று நோட்டீஸ் கொடுக்கிறான் என்று சொன்னாராம். ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே பாட்டாம். தினேஷ் தலையைக் குனிந்து சாப்பிட்டானாம். அவனும் அந்த எட்டை நம்பியிருக்கிறான் என்பதுதான் உனக்குத் தாங்கவில்லை. நம் வீட்டில் நான் சொன்னதைக்கூடத் தன்னைக் குத்திச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டானாம். கூடப் படித்தவர்கள் முகத்தில் விழிக்கக் கூசி, அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டே வெளியே வந்துவிட்டானாம். நீ அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாய். ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் உருப்படவில்லை, மற்றவர்கள் எல்லாம் எட்டு வாங்குகிறார்கள் என்று நினைத்து ஒளிந்துகொண்டிருக்கிறான். அறுபது பேர் ஒருவருக்கொருவர் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் அம்மா என்று நீ அழுதாய். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு நல்ல வேலையை அந்தத் தாள் செய்யும் என்று நானே நினைத்ததில்லை.

அதோடு, மாதையன் மிச்சத் தோப்பையும் விற்று மகள் கீர்த்தனாவை அதே கல்லூரியில் சேர்க்கப் போகிறார் என்றாய். இவள் பெரியவன் மாதிரி இல்லை, கெட்டி, இவள் வாங்குவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீ சொன்னால் நம்ப மாட்டார், தினேஷ் சொன்னால் சாக்கு என்பார். விற்றவள் வந்து சொன்னால்தான் மிச்சத் தோப்பும் பையனின் மானமும் தப்பும் என்றாய். நீ படித்தவள், உன் கணக்கில் தப்பில்லை. மனிதர்களைத்தான் உனக்குத் தெரியவில்லை.

போனேன். நம்ப மாட்டாய், உன் மாமனாரையே கேட்டுப் பார். கிருஷ்ணகிரிக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசியில் ஆட்டோ. போகும் வழியெல்லாம் இந்த மனிதர் ஊரைக் கூட்டிவிட்டால், என்னிடம் சீட் வாங்கிய அப்பாக்கள் அத்தனை பேரும் என் ஆபீஸ் மாடிப்படியில் வரிசையாக நிற்பார்கள் என்று பயந்தேன். பயந்தேன் என்று என் கையாலேயே எழுதுகிறேன், வைத்துக்கொள், உனக்கு வேறு சீதனம் வேண்டாம். வாசலுக்கு வந்து, "வாங்க சம்பந்தி" என்று கூப்பிட்டார். விற்ற பாதித் தோப்பில் யாரோ சைட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், மிச்சம் பாதியில் மரங்கள் அப்படியே நின்றன. கீர்த்தனா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்த எட்டு லட்சம் பொய்ங்க. யாருக்கும் கெடைக்கல. உங்க பையன் மேல தப்பே இல்ல."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாருக்குமேவா என்று கேட்டார். யாருக்குமே என்றேன்.

"அறுவது பேரு படிச்சாங்க மேடம். யாராவது ஒருத்தன் வாங்கியிருப்பான்."

சம்பந்தி மறுபடியும் மேடம் ஆகிவிட்டதைக் கவனித்தாயா? நான் விடவில்லை. உன்னிடம் மேலே எழுதியதை எல்லாம், எழுதி வாங்கிக்கொள்வது, மண்டிக்காரன், துபாய்க்காரன், ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார் அந்த மனிதர். மாப்பிள்ளையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்து, உங்கள் தொழிலையே தாழ்த்திப் பேசுகிறீர்கள், பெரிய மனசு உங்களுக்கு, ஆனால் என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றார். என் வாழ்க்கையில் என்னை நல்லவள் என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான், அதுவும் நான் உண்மை பேசிய அன்றைக்கு.

சரி, பையன் போகட்டும், பெண்ணையாவது காப்பாற்றலாம் என்று உன் கதையைச் சொன்னேன். என் மகளை அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வைத்தேன், கொஞ்சம் செலவு, இன்று அவள் சம்பளம் இவ்வளவு, கீர்த்தனாவை அங்கே சேருங்கள் என்றேன். அங்கே சராசரி எவ்வளவு என்று கேட்டார். எட்டில் பாதி என்று உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "உங்களுக்கு அப்ப வசதி இல்ல, அங்க போட்டீங்க. எனக்குத் தோப்பு இருக்குதுங்களே."

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல்லு. திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த எட்டு பொய் என்றால் தோப்பை விற்ற அவர் முட்டாள். எட்டு உண்மை என்றால் அதை வாங்கத் தெரியாத மகன் முட்டாள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு அப்பா எதை எடுப்பார்? கீர்த்தனாவைச் சேர்ப்பதுகூட அவள் படிப்புக்காக இல்லை. அவள் எட்டு வாங்கிக் காட்டினால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடும், அதற்காகத்தான். அவள் வாங்க மாட்டாள். அவளுக்கும் பொங்கலுக்குப் பந்தியில் இதே பாட்டு நடக்கும், நீ பரிமாறிக்கொண்டே கேட்பாய்.

அன்று ராத்திரியே அவர் தினேஷை போனில் கூப்பிட்டு, மாமியார்க்காரி வந்து உனக்காகப் பொய் சொல்ல வேண்டிய நிலைமையில் இருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டாராம். பிறகு என்னிடம் அவரே பெருமையாகச் சொன்னார், உனக்குத் தெரிந்திருக்காது. அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அவன் டம்ளர் கழுவுகிற ரகம். நீ கேட்ட உண்மை அவனுக்கு என்ன செய்தது என்று இப்போதாவது தெரிந்துகொள். நான் சும்மா இருந்திருந்தால் அவனுக்கு ஒரு திட்டு குறைந்திருக்கும்.

வாக்குக் கொடுத்தபடி புத்திமதியும் சொல்லிவிடுகிறேன். நீ அவனைவிட அதிகம் வாங்குகிறாய். முதல் வருஷம் அதைப் பற்றிப் பேச்சே வராது, ரொம்பப் பெருந்தன்மையாக இருப்பாய். பிறகு ஒரு நாள், வாடகையோ கேஸ் சிலிண்டரோ ஏதோ ஒரு அற்ப விஷயத்தில், அவன் முகத்துக்கு நேரே உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும். அவன் எழுந்து போய் ஒரு டம்ளரைக் கழுவி வைப்பான். அன்றைக்கு நீ என் மகள் என்று உனக்கே தெரிந்துவிடும். அப்போது எனக்கு போன் செய். நான் எடுப்பேன்.

கிளம்பும்போது மாதையன் ஒரு உதவி கேட்டார். கீர்த்தனா சீட்டுக்கு ஓசூரில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கிறானாம், ஆனால் சொந்தமாகிவிட்ட பிறகு வெளி ஆளிடம் போவது நன்றாக இருக்காது, நீங்களே முடித்துக் கொடுங்கள் என்றார். நான் முடியாது என்றால் ஓசூர்க்காரன் முடிப்பான், என்னைவிட அதிகம் உருவுவான். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் கல்லூரிக்கு போன் போட்டேன். தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கி, பணத்தைக் கட்டிவிட்டார். கீர்த்தனாவுக்குச் சீட் முடிந்துவிட்டது, உன் கல்யாணம் முடிந்த வாரம் சேருகிறாள். கல்லூரி எனக்கு வழக்கமான கமிஷனைக் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்ன நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன், அதனால் கல்யாணத்துக்கு வருவேன். முன் வரிசையில்தான் உட்காருவேன். இந்தக் கடிதத்தோடு என் தங்கை கையில் இரண்டு வளையல் கொடுத்தனுப்புகிறேன். அந்தக் கமிஷனில் வாங்கியது, நல்ல கனம். மணமேடையில் போட்டுக்கொண்டு நில். உன் மாமனார் பார்ப்பார், பெண் வீட்டில் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கேட்கச் சொல்லுவார். போட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அது அவருடைய தோப்பு என்று நீயே அவரிடம் சொல்லிப் பார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அம்மா